சம்பளத்துக்கு மறுநாள் சாப்பாட்டுப் பெட்டி

எங்கள் பக்கத்தில் தேயிலைத் தோட்டச் சம்பளம் மாதத்தின் 10ஆம் திகதி கையில் கிடைக்கும். 25ஆம் திகதியளவில் முற்பணம் என்று கொஞ்சம் வரும். நாட்காட்டியைப் பார்க்காமலே இந்த இரண்டு நாட்களையும் கண்டுகொள்ளக்கூடிய இடம் ஆரம்பப் பிரிவு வகுப்பறை. 11ஆம் திகதி இடைவேளை மணி அடித்ததும் திறக்கப்படும் சாப்பாட்டுப் பெட்டிகளில், வழக்கமான ரொட்டிக்கும் சம்பலுக்கும் பக்கத்தில் ஒரு கிரீம் பிஸ்கட்டோ, கடதாசியில் சுற்றிய டொபியோ, பேக்கரிக் கேக்கில் ஒரு துண்டோ இருக்கும். சில பெட்டிகளில் அவித்த முட்டையும் இருக்கும். 18, 19ஆம் திகதிகளில் இவை ஒவ்வொன்றாக மறைந்து, 22ஆம் திகதியளவில் சம்பலில் தேங்காய்ப்பூ குறைந்து மிளகாய் கூடிவிடும். நுவரெலியா மாவட்டத்தின் சிறு நகரம் ஒன்றில் 22 ஆண்டுகளாகக் கற்பித்துவரும் எனக்கு இந்த ஏற்ற இறக்கம் மழைக்காலத்தைப் போலப் பழகிப்போன ஒன்று.

பெட்டிகளை இவ்வளவு நுணுக்கமாக நான் அறிந்திருப்பதற்கான காரணம் பெருமைப்படத்தக்கதாக இல்லை. எங்கள் பாடசாலையில் சாப்பாட்டுப் பெட்டிகளைச் சோதிக்கும் பொறுப்பு சில ஆண்டுகள் என்னிடம் இருந்தது. 2018ஆம் ஆண்டு முதலாம் தவணையில், ஆசிரியர் கூட்டத்தில் எல்லோரும் கை உயர்த்தி நிறைவேற்றிய விதி அது. பெற்றோருக்கு அனுப்பிய தாளில், “இனிப்புப் பண்டங்கள், பிஸ்கட் வகைகள், பொதிசெய்யப்பட்ட பொரித்த உணவுகள் என்பவற்றை மாணவர்கள் கொண்டுவருதல் முற்றாகத் தடைசெய்யப்படுகிறது, இரண்டாம் முறை மீறும் மாணவரின் பெற்றோர் பாடசாலைக்குச் சமுகமளித்தல் வேண்டும்” என்று இருந்தது. வாசகத்தை அமைத்துக் கொடுத்தவள் நான். தமிழ் நன்றாக எழுதுவாள் என்று பெயர் எடுத்தவருக்கு இப்படிப்பட்ட வேலைகள் வந்து சேருவது வழக்கம்.

விதிக்குப் பின்னால் நல்ல நோக்கம் இருந்தது என்பதில் இன்றும் எனக்கு ஐயம் இல்லை. முதலாம், நான்காம் தரப் பிள்ளைகளுக்கு நடக்கும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையின்போது வரிசையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவள் நான். வாயைத் திறக்கச் சொன்னதும் தெரியும் கருத்த பால்பற்களையும், உயரம் அளக்கும் கோலில் எட்டாத தலைகளையும் ஆண்டுதோறும் பார்க்கிறேன். 2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் ஏறக்குறைய 17 சதவீதம். தோட்டத்துறையில் மட்டும் பார்த்தால் அது 32 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. அன்று தவழ்ந்துகொண்டிருந்த அந்தப் பிள்ளைகள்தாம் பின்னர் எங்கள் வகுப்புகளுக்கு வந்தார்கள். பருப்பும் கீரையும் முட்டையும் சேரவேண்டிய வயிற்றில் மாவும் சீனியும் இடம் பிடித்துக்கொண்டால் அந்தக் குறை மேலும் நீளும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்னபோது மறுத்துப் பேச எதுவும் இருக்கவில்லை.

சிக்கல் தொடங்கியது, எது இனிப்புப் பண்டம் என்று தீர்மானிக்க வேண்டி வந்தபோது.

முதல் கிழமையிலேயே ஒரு பெட்டியில் கிம்புலா பனிஸ் வந்தது. முதலையைப் போல நீண்டு, மேலே சீனி தூவிய அந்தப் பனிஸை அறியாத மலையகப் பிள்ளை இல்லை. அது பேக்கரியில் பாணோடு விற்கப்படுவதால் பாண் வகை என்று தீர்மானித்து அனுமதித்தோம். மறுநாள் நான்கு மாரி பிஸ்கட்டுகள் வந்தன. அவை பிஸ்கட் என்பதால் தடை. நான்கு மாரி பிஸ்கட்டில் உள்ள சீனி ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி அளவுதான் வரும், பனிஸின் முதுகில் தூவியிருப்பதே அதற்குக் குறையாது என்பதை அன்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. கித்துள் வெல்லத் துண்டு வந்தபோது, அது நம் நாட்டு உணவு என்று ஒருவர் சொல்ல அதையும் விட்டுவிட்டோம். சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு கொக்கிஸும் பயற்றம் பணியாரமும், தீபாவளிக்குப் பிறகு அதிரசமும் முறுக்கும் வந்தபோது, வீட்டில் செய்த பலகாரத்துக்கு விலக்கு என்று ஒரு வரியைச் சேர்த்தோம். பார்வைக்கு நியாயமாகவும் பண்பாட்டைக் காப்பதாகவும் தோன்றிய அந்த வரிதான், இப்போது நினைத்துப்பார்க்கையில், விதியின் முழு எடையையும் ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டது.

வீட்டில் பலகாரம் செய்ய அடுப்பு வேண்டும், எண்ணெய் வேண்டும். இவை இரண்டையும்விட அரிதான நேரம் வேண்டும். கொழுந்து எடுக்கும் ஒரு தாயின் காலையை நான் வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவில்லை. மஸ்கெலியாப் பக்கத்தில், தோட்டத்து வரிசை வீடுகளான லயம் ஒன்றில் அப்படிப்பட்ட காலைகளுக்குள்தான் வளர்ந்தேன். நாலரைக்கு எழுந்து, பீலியில் தண்ணீர் பிடித்து, விறகை ஊதிப் பற்றவைத்து, கோதுமை மாவைப் பிசைந்து ரொட்டி தட்டி, அம்மியில் சம்பல் அரைத்து, கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய்த் தோட்டத்தின் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டுக்குப் பிந்தாமல் மலைக்கு ஏறவேண்டும். பாடசாலை ஏழரைக்குத் தொடங்கும். எங்கள் வீட்டில் என்னையும் தம்பியையும் அனுப்பிவைத்தவர் அப்பாயி. பல வீடுகளில் அந்தப் பொறுப்பு பத்து வயது அக்காவின் தலையில் விழும். விடியற்காலையில் சுட்ட ரொட்டி பத்தரை மணி இடைவேளைக்குள் மலைக்குளிரில் விறைத்துப் போய்விடுமாதலால், சின்னப் பிள்ளை அதை மெல்ல முடியாமல் மூடிவைத்துவிடும் என்பது அம்மாக்களுக்குத் தெரியும். தோட்டக் கடையில் கணக்கில் எழுதி வாங்கிய பிஸ்கட் பக்கெட்டிலிருந்து நான்கை எடுத்துப் பெட்டியின் மூலையில் வைப்பதில் செல்லம் கொடுக்கும் எண்ணம் குறைவு. பிள்ளை எதையாவது தின்னவேண்டுமே என்ற கவலைதான் கூட. அதே வகுப்பில் கடைக்காரர் பிள்ளையும், வங்கியில் வேலை செய்பவரின் பிள்ளையும், என் சக ஆசிரியையின் பிள்ளையும் இருந்தார்கள். அவர்களுடைய பெட்டிகளில் வீட்டில் அடித்த கேக் வந்தது. அது வீட்டில் செய்தது என்பதால் விதிக்குள் அடங்கியது. சீனியும் பட்டரும் முட்டையும் சம அளவில் சேர்ந்த அந்தக் கேக்கை அனுமதித்துவிட்டு, அடுத்த வாங்கில் இருந்த மாரி பிஸ்கட்டை வெளியே எடுத்து வைத்த கை என்னுடையது.

எடுத்துவைத்ததை நாங்கள் எறிந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மேசையில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பாடசாலை விடும்போது திருப்பிக் கொடுப்போம். இதை மிகுந்த பெருந்தன்மை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். தன் பெட்டிக்குள் இருந்ததை நாற்பது பிள்ளைகள் பார்த்திருக்க வெளியே எடுத்து மேசைக்குக் கொண்டுபோவது ஒரு மூன்றாம் தரப் பிள்ளைக்கு என்னவாக இருக்கும் என்பதில் எங்கள் எண்ணம் போகவில்லை. சில பிள்ளைகள் பெட்டியைத் திறப்பதையே நிறுத்திவிட்டதைச் சில மாதங்களுக்குப் பிறகுதான் கவனித்தேன். அவர்கள் மூடியைச் சற்றே தூக்கி, உள்ளே கையை விட்டு, ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து எடுத்துத் தின்றார்கள். தடைசெய்யப்பட்ட எதுவும் இல்லாத பிள்ளைகளும் அப்படியே செய்தார்கள். வெறும் ரொட்டி மட்டும் இருப்பது தெரியக்கூடாது என்பது அவர்களுடைய கவலை. இனிப்பைத் தேடிப் போன எங்கள் கண்களுக்கு, மாதக் கடைசியில் எந்த வீட்டில் என்ன இல்லை என்பதும் சேர்ந்தே தெரிந்துகொண்டிருந்தது.

2019ஆம் ஆண்டில் ஒரு நாள், தரம் மூன்றில் படித்த ஒரு சிறுமியின் தாயார் வந்து அலுவலக வாசலில் நின்றார். மகளுடைய பெட்டியில் இரண்டாம் முறையாக டொபி இருந்ததால் வரச்சொல்லித் துண்டு அனுப்பியிருந்தோம். அதிபர் கூட்டத்துக்குப் போயிருந்தார். நான் ஐந்தாம் தரத்துக்குப் புலமைப்பரிசில் பரீட்சைப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தேன். காலை எட்டு மணிக்கு வந்தவரை நான் பார்க்கப் போனபோது பத்தரை ஆகியிருந்தது. அவர் கோபப்படவில்லை. விளக்கம் கேட்கவும் இல்லை.

“கையெழுத்து எங்கே வைக்கணும் டீச்சர்? இப்பப் போனா அந்தியிலயாவது மலைக்குப் போயிரலாம். அரைப்பேராவது போடுவாங்களான்னு கணக்கப்பிள்ளைகிட்ட கேட்டுப் பார்க்கணும்.”

கையெழுத்து வைத்தார், வணக்கம் சொன்னார், போய்விட்டார். முழுச் சந்திப்பும் நான்கு நிமிடங்களுக்கு மேல் எடுக்கவில்லை.

தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் அந்த ஆண்டில்தான் 700 ரூபாயாக உயர்ந்திருந்தது. அதற்காக எத்தனை மாதம் மலையகமெங்கும் கறுப்புக்கொடியும் போராட்டமுமாக இருந்தது என்பதை இங்கே உள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 5 ரூபாய் டொபி ஒன்றுக்காக நாங்கள் அந்தத் தாயாரின் ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய வேலைப் பதிவையும் சம்பளத்தையும், வெட்டியிருந்தோம். அதே மாதத்தில் ஓர் அரசாங்க உத்தியோகத்தரும் இதே காரணத்துக்காக வரவேண்டியிருந்தது. அவர் குறுகிய விடுமுறை போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்தார், என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, மகனுக்கு மாமா வாங்கிக் கொடுத்த சொக்லேட் அது என்று சிரித்துக்கொண்டே விளக்கினார், தேநீர் குடித்துவிட்டுப் போனார். அவருடைய சம்பளத்தில் ஒரு சதமும் குறைந்திருக்காது. தாளில் இருவருக்கும் ஒரே வாசகம், ஒரே தண்டனை. ஒருவருக்கு அது சிறு அலைச்சல். மற்றவருக்கு அடுத்த கிழமைக்கான மாவும் பருப்பும். விதியை எழுதும்போது “பெற்றோர் சமுகமளித்தல் வேண்டும்” என்ற மூன்று சொற்களுக்கு என்ன விலை என்று நான் யோசித்ததே இல்லை. யோசிக்கும் தேவை எனக்கு இருக்கவும் இல்லை. லயத்திலிருந்து வந்தவள் என்றாலும் மாதச் சம்பளக்காரியாகி அப்போது பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதன் பிறகுதான் நான் சீனியைக் கணக்குப் பார்க்கத் தொடங்கினேன். உணவில் சேர்க்கும் சீனி நாளாந்தச் சக்தித் தேவையில் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு அது ஏறக்குறைய 35 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு சிறிய டொபியின் மொத்த எடையே நான்கைந்து கிராம்தான். ஆனால், எங்கள் வகுப்பில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பையில் ஒரு போத்தல் இருந்தது, அதில் தேத்தண்ணீர் இருந்தது. அரை லீட்டர் பிளேன்டீக்கு ஐந்து தேக்கரண்டி சீனி போட்டால், ஒரு கரண்டி நான்கு கிராம் என்று குறைத்துப் பார்த்தாலும் 20 கிராம் ஆகிறது. எங்கள் வீடுகளில் சீனிக்கரண்டி எப்போதும் குவிந்தே இருக்கும். உடம்பு வேலை செய்யும் வீடுகளில் பசியைத் தள்ளிவைக்க இனித்த தேத்தண்ணீரைத் தவிர வேறு மலிவான வழி நெடுங்காலமாக இருந்ததில்லை. பிள்ளை அந்தப் போத்தலை இடைவேளையில் ஒரே மூச்சில் குடித்து முடிப்பதில்லை. ஏழரையிலிருந்து ஒன்றரை வரை ஒவ்வொரு வாயாக உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. பல்லைப் பொறுத்தவரை மொத்தம் எவ்வளவு சீனி என்பதைவிட எத்தனை தடவை என்பது முக்கியம் என்று பல் வைத்தியர்கள் சொல்வார்கள். ஒவ்வொரு முறை இனிப்புப் பட்ட பிறகும் வாயில் உண்டாகும் அமிலம் தணிய அரை மணி நேரம் வரை ஆகும். சாப்பாட்டோடு ஒரு டொபியைத் தின்று வாயைக் கொப்பளித்த பிள்ளையின் பல்லைவிட, விதியை எள்ளளவும் மீறாமல் காலை முழுவதும் தேத்தண்ணீர் உறிஞ்சிய பிள்ளையின் பல்லே அதிகம் தேய்ந்திருக்கும்.

பல்லோடு இது முடியவில்லை. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருட்கள், உணவோடு சேரும்போது இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சிக்கொள்வதைத் தடுக்கின்றன. குருதிச்சோகையைத் தடுக்கக் கிழமைக்கு ஒரு முறை பாடசாலையில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். அதே பிள்ளைகள் கீரைச்சுண்டலோடு தேத்தண்ணீரையும் குடிக்கிறார்கள். நாங்கள் எழுதிய தடைப் பட்டியலில் தேத்தண்ணீர் என்ற சொல்லே வரவில்லை. ஆசிரியர் எல்லோரும் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்தப் பட்டியலை எழுதினோம். பக்கத்தில் ஒரு தட்டில் பிஸ்கட்டும் இருந்தது. எந்த வகை என்று நினைவில்லை, கிரீம் வைத்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

சிற்றுண்டிச்சாலையைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளில் எவற்றை விற்கலாம், எவற்றை விற்கக்கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் உண்டு. எங்கள் பாடசாலையிலும் அது ஆண்டுதோறும் விலைமனு கோரி ஒருவருக்குக் குத்தகைக்கு விடப்படுகிறது. குத்தகைப் பணத்தில்தான் விளையாட்டுப் போட்டிக்கான செலவும் கழிப்பறைக் குழாய் திருத்தமும் நடக்கின்றன. ரோல்ஸும் பனிஸும் நிறச் சாயம் கலந்த ஐஸ் பக்கெட்டும் விற்காவிட்டால் குத்தகைக்காரருக்குக் கட்டுப்படியாகாது, குத்தகை குறைந்தால் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே பெட்டிக்குள் வந்தால் குற்றமாகிற பண்டம், அதே வளவில் ஜன்னல் வழியாகக் காசு கொடுத்து வாங்கப்படும்போது குற்றமாகவில்லை. காசு உள்ள பிள்ளை பெட்டியில் பயறு கொண்டுவந்து ஜன்னலில் ஐஸ் பக்கெட் வாங்கிக்கொண்டது. வீட்டிலிருந்து ஒரு டொபி மட்டும் கொண்டுவந்த பிள்ளை பிடிபட்டது.

2016ஆம் ஆண்டில், மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி கட்டாயமாக்கப்பட்டது பலருக்கு நினைவிருக்கும்: 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, இடைப்பட்டவைக்கு மஞ்சள். மறு ஆண்டு, ஒரு கிராம் சீனிக்கு இவ்வளவு என்று வரியும் வந்தது. அந்த ஏற்பாடுகளில் நான் மதிப்பது, அரசாங்கம் குடிப்பவரின் பையைச் சோதிக்காமல் செய்பவரிடமும் விற்பவரிடமும் போய் நின்றதை. பிள்ளைகள் கடையில் மூடியைத் திருப்பிப் பார்த்து, “இது சிவப்பு டீச்சர்” என்று சொல்லும் அளவுக்கு அது பதிந்தது. நாங்கள் பாடசாலையில் தலைகீழாகத் தொடங்கினோம். மிக வலுக்குறைந்த இடத்திலிருந்து, அதாவது எட்டு வயதுப் பிள்ளையின் மடியில் இருக்கும் பெட்டியிலிருந்து.

விதியின் ஒரு பகுதியை மட்டும் நான் இன்றும் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன் என்பது இதுவரை வாசித்தவர்களுக்கு முரணாகத் தோன்றலாம். பிறந்தநாள் டொபிக்கான தடை அது. எங்கள் பாடசாலைகளில் பிறந்தநாளன்று பிள்ளை புதுச் சட்டையோடு வந்து, பை நிறைய டொபியோடு வகுப்பு வகுப்பாகச் சுற்றும். நாற்பது பேருக்கு ஒவ்வொன்று, ஆசிரியர்களுக்கு இரண்டிரண்டு, அதிபருக்கு ஒரு சொக்லேட். ஒரு பிள்ளை டொபி கொடுத்தால் அடுத்த பிள்ளை கிரீம் வேபர்ஸ் கொடுக்கும். அதற்கடுத்தது கேக் வெட்டும். கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை அன்றைக்குக் காய்ச்சல் என்று வராமல் விடும், அல்லது தகப்பன் கடன் வாங்குவார். என் தம்பிக்கு ஏழு வயது ஆனபோது, டொபிக்குக் காசு இல்லாததால் பிறந்தநாள் அடுத்த மாதம்தான் என்று அம்மா அவனிடம் சொல்லிவிட்டார். சம்பளம் வந்ததும் 11ஆம் திகதி பிறந்தநாள் நடந்தது. அவன் வளர்ந்து பிறப்புச் சான்றிதழைப் பார்க்கும்வரை அந்தத் திகதியையே நம்பிக்கொண்டிருந்தான். ஆகவே வகுப்பில் பங்கிடும் இனிப்பைத் தடுத்தபோது பல வீடுகளில் பெருமூச்சு விட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இந்தத் தடை செலவழிக்க முடிந்தவரின் கையைப் பிடித்தது. பெட்டிச் சோதனை செலவழிக்க முடியாதவரின் கையைத் திறந்து காட்டச் சொன்னது. (டொபிக்குப் பதிலாக வகுப்பு நூலகத்துக்கு ஒரு புத்தகம் கொடுக்கலாம் என்று யாரோ கொண்டுவந்த யோசனையால், டொபியைவிடப் பத்து மடங்கு செலவில் அதே போட்டி ஓராண்டு நடந்ததையும் இங்கே பதிந்துவைக்கிறேன்.)

என்னோடு உடன்படாத ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவருடைய வாதத்தில் உண்மை உண்டு. பெட்டியைப் பார்க்காவிட்டால் விலை உயர்ந்த சொக்லேட் கொண்டுவரும் பிள்ளையைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் ஏங்கும், அந்த ஏக்கம் வீட்டுக்குப் போய்த் தாயின் காதில் விழும், தாய் கடைக்கணக்கில் இன்னொரு வரி எழுதுவாள் என்பார் அவர். அதனால் எல்லோருக்கும் ஒரே தடை இருப்பதே ஏழைக்குப் பாதுகாப்பு என்பது அவர் முடிவு. தடை உண்மையிலேயே எல்லோருக்கும் ஒன்றாக இருந்திருந்தால் நானும் ஒத்துக்கொண்டிருப்பேன். வீட்டுக் கேக்குக்கு ஒரு வாசல், சிற்றுண்டிச்சாலைக்கு ஒரு ஜன்னல், ஆசிரியர் அறைக்கு ஒரு கதவு என்று திறந்துவிட்டு, மீதியிருந்தவர்களுக்கு மட்டும் சுவர் எழுப்பிய விதியை எந்தக் கணக்கில் சமம் என்பது?

2022ஆம் ஆண்டில் அந்த விதியை யாரும் நீக்கவில்லை. அது தானாகவே பேச்சிழந்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது என்று செய்தியில் கேட்டபோது, அந்த எண்ணை எங்கள் வகுப்பறையில் ஏற்கனவே பார்த்துவிட்டிருந்தோம். கோதுமை மாவின் விலை ஏறியதும் ரொட்டி சுருங்கியது. பிறகு பாதி ரொட்டியானது. பிறகு சில பைகளில் பெட்டியே வரவில்லை. பெட்டி கொண்டுவந்து திறக்காமல் வைத்திருந்த ஒரு பையனின் பெட்டி வெறுமையாக இருந்தது என்பதை, அது கீழே விழுந்து உருண்ட சத்தத்திலிருந்து தெரிந்துகொண்டேன். அந்த மாதங்களில் ஒரு டொபி வந்திருந்தால் நாங்களே கை தட்டியிருப்போம். அப்போது ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து பயறு அவித்துக் கொடுத்தோம். அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாப் பாடசாலைகளிலும் யாரோ சிலர் அப்படி எதையாவது செய்துகொண்டுதான் இருந்தார்கள். பயற்றோடு தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சீனியும் சேர்த்தோம். சீனி கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

நிலைமை சற்றுத் தெளிந்து 2023இல் பழைய தாள் தூசு தட்டி வெளியே எடுக்கப்பட்டபோது, முதல் முறையாகக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். பெற்றோரை அழைக்கும் தண்டனையை நீக்கவேண்டும், பெட்டிகளைத் திறந்து பார்ப்பதை நிறுத்தவேண்டும், சிற்றுண்டிச்சாலைக் குத்தகை நிபந்தனையை முதலில் திருத்தவேண்டும், தேத்தண்ணீருக்குப் பதிலாகத் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவர வசதி செய்யவேண்டும் என்று கேட்டேன். கடைசிக் கோரிக்கை வேடிக்கையாகத் தெரியலாம். குழாயில் வரும் தண்ணீரை நம்பிக் குடிக்க முடியாத பல லயங்களில், கொதிக்கவைத்த தண்ணீர் என்றாலே அது தேத்தண்ணீர்தான். பாடசாலையில் வடிகட்டிய தண்ணீர் இருந்தால் பாதிப் போத்தல்கள் தாமாகவே மாறிவிடும் என்பது என் கணக்கு. பேசி முடித்தபோது, “டீச்சர், நீங்கதானே இந்த விதியை எழுதினது?” என்று உப அதிபர் சிரித்தார். எழுதியவளுக்குத்தான் அதில் எங்கே பிழை என்று தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.

நான்கில் இரண்டு கிடைத்தன. பெற்றோரை வேலை நாளில் அழைப்பது நின்றது. ஏதாவது சொல்லவேண்டியிருந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில், சம்பளக் கிழமை தவிர்த்து, தவணைக்கு ஒருமுறை நடக்கும் கூட்டத்தில் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வது என்று தீர்மானமானது. அடிப்படை நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாயானபோது, நாங்கள் இனி யாருக்கும் வெட்டாமல் விடப்போகும் தொகையும் அவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர் வடிகட்டி ஒன்றைப் பழைய மாணவர்கள் வாங்கிக் கொடுத்தார்கள். அது மாதத்தில் சில நாட்கள் பழுதாகிக் கிடந்தாலும், மற்ற நாட்களில் இடைவேளையில் அதன் முன்னால் வரிசை நிற்கிறது. குத்தகை நிபந்தனை அடுத்த ஆண்டு பார்க்கப்படும் என்றார்கள். அடுத்த ஆண்டும் அப்படியே சொன்னார்கள். பெட்டிகளைத் திறப்பது பற்றிய வரி, “தேவையேற்படின்” என்ற ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டு அப்படியே இருக்கிறது.

சென்ற மாதம் 11ஆம் திகதி என் வகுப்பில் பதினேழு பெட்டிகளில் ஏதோ ஓர் இனிப்பு இருந்திருக்கலாம். நான் என் மேசையிலேயே இருந்து கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன், ஆகவே உறுதியாகச் சொல்ல முடியாது. கடதாசி பிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. சாப்பிட்டு முடித்ததும் வாய் கொப்பளிக்க வெளியே போகச் சொன்னேன்; போனார்கள். மழை பெய்துகொண்டிருந்ததால் பாதிப் பேர் கூரையிலிருந்து வடிந்த தண்ணீரில் கொப்பளித்துவிட்டு நனைந்து வந்தார்கள்.